அயலகத்தில் ஒரு பந்தி: கேம்பிரிட்ஜில் கணித மேதை இராமானுஜனின் உறவு வாழ்க்கை (1914–1919)

முன்னுரை

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் (1887–1920) வாழ்க்கை தமிழில் பலமுறை எழுதப்பட்டுள்ளது. வறுமை, தேர்வில் தோல்வி, ஹார்டிக்கு எழுதிய மடல், கேம்பிரிட்ஜ் வெற்றி, நோய், இளமையில் இறப்பு என்னும் வரிசையில் அவ்வரலாறுகள் பெரும்பாலும் அமைகின்றன. அவற்றுள் இங்கிலாந்தில் அவர் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்தாண்டுகள் சூத்திரங்களின் காலமாகவும் நோயின் காலமாகவும் மட்டுமே காட்சி தருகின்றன. அந்த ஆண்டுகளில் அவர் யாருடன் உண்டார், யாருடன் நடந்தார், யாருடன் சிரித்தார், யாருடைய மடலுக்காகக் காத்திருந்தார் என்னும் வினாக்கள் ஓரத்தில் ஒதுங்கிவிடுகின்றன. இயல்பாகவே அவர் கூச்சமும் ஒதுக்கமும் உடையவர், ஆகவே தனித்திருந்தார் என்னும் கருத்து அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

இக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியது. இங்கிலாந்தில் இராமானுஜனைச் சூழ்ந்த தனிமை அவர் இயல்பிலிருந்து மட்டும் பிறந்ததன்று. உணவு, கல்லூரி உறைவிட அமைப்பு, போர், வீட்டிலிருந்து வாராத மடல்கள் ஆகிய நான்கும் சேர்ந்து அதனை உருவாக்கின என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். இவற்றுள் உணவே முதன்மையானது. ஹார்டி, நெவில், மகலனோபிஸ் முதலியோர் விட்டுச்சென்ற நினைவுக் குறிப்புகளும், எஸ். ஆர். அரங்கநாதன் தொகுத்த செய்திகளும், பின்னாளில் வெளிவந்த மடல் தொகுப்புகளும் இதற்குச் சான்றுகளாகின்றன.

திண்ணையும் சிலேட்டும்

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல் பாடும் குழுவில் இருந்தவர். தெருவைப் பார்த்த திண்ணையில் அமர்ந்து கணக்குப் போடும் சிறுவனாகவே அவ்வூர் அவரை அறிந்திருந்தது. திண்ணை வீட்டிற்குள்ளும் சேராதது, தெருவிலும் சேராதது. அதில் அமர்ந்திருப்பவர் தம் வேலையில் மூழ்கியிருக்கலாம். எனினும் போவோர் வருவோர் பார்வையிலும் பேச்சிலும் அவர் இருந்துகொண்டே இருப்பார். தனித்திருப்பதற்கும் கூடியிருப்பதற்கும் இடையே அங்குச் சுவர் இல்லை.

சென்னை வாழ்விலும் இந்நிலை தொடர்ந்தது. திருவல்லிக்கேணியில் நண்பர்களுடன் தங்கியிருந்த காலத்தில் அவர் பேச்சில் விருப்பமுள்ளவராக இருந்தார். நகைச்சுவைக் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கி, முடிக்குமுன் தாமே உடல் குலுங்கச் சிரித்துவிடும் பழக்கம் அவருக்கு உண்டு என்று அவரை அறிந்தோர் கூறியுள்ளனர். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்த பின்னர், அங்கு மேலாளராக இருந்த நாராயண ஐயரும் அவரும் இரவு நேரங்களில் மொட்டைமாடியில் எதிரெதிரே அமர்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவது வழக்கமாயிற்று. அவருடைய கணிதம் பிறர் அருகிருக்க நிகழ்ந்த கணிதம். இங்கிலாந்தில் அவர் எய்திய தனிமையை அளப்பதற்கு இப்பின்னணியே அளவுகோலாக வேண்டும்.

கடல் கடத்தலும் குடுமி களைதலும்

1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்கு எழுதிய மடல் அவர் வாழ்வைத் திருப்பியது. கேம்பிரிட்ஜுக்கு வருமாறு வந்த முதல் அழைப்பை அவர் ஏற்கவில்லை. வைணவ அந்தணர் குடும்பத்தில் கடல் கடத்தல் விலக்காகக் கருதப்பட்ட காலம் அது. 1914இன் தொடக்கத்தில் விரிவுரை நிகழ்த்தச் சென்னை வந்த நெவில், நேரில் பழகி அவர் தயக்கத்தைக் களைந்தார். நாமகிரித் தாயார் அருளால் தாயின் எதிர்ப்பு நீங்கியது என்பது குடும்பத்தார் வழங்கும் செய்தி. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. அதில் 50 பவுன் கும்பகோணத்தில் இருந்த பெற்றோருக்குச் செல்ல ஏற்பாடாயிற்று. டிரினிட்டி கல்லூரி மேலும் 60 பவுன் அளித்தது.

புறப்படும் முன் தாயும் மனைவி ஜானகியும் கும்பகோணத்திற்கு அனுப்பப்பட்டனர். அதன் பின்னரே குடுமி நீக்கப்பட்டது. மேலைநாட்டு உடையும் காலணியும் வந்து சேர்ந்தன. குடுமி நீங்கிய கோலத்தைத் தாய் காண நேராதவாறு இவ்வரிசை அமைந்தது கவனிக்கத்தக்கது. தோற்றத்தில் விட்டுக்கொடுக்க அவர் இசைந்தார். உணவில் விட்டுக்கொடுப்பதில்லை என்னும் உறுதியுடன் கப்பல் ஏறினார். ஒரு சமூகத்திற்குள் நுழைவோர் அதன் உடையை அணிவதைக் காட்டிலும் அதன் பந்தியில் அமர்வதே உறவுக்கு வழி என்பதை அடுத்த ஐந்தாண்டுகள் காட்டின.

நெவில் இல்லத்தில் ஆறு வாரங்கள்

1914 மார்ச் 17 அன்று நெவாசா என்னும் கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டு ஏப்ரல் 14 அன்று இலண்டனை அடைந்தார். நெவில் வந்து வரவேற்றார். இந்தியாவிலிருந்து வரும் மாணவர்கள் முதலில் தங்கும் குரோம்வெல் சாலை இல்லத்தில் சில நாள் தங்கியபின், ஏப்ரல் 18 அன்று கேம்பிரிட்ஜ் சென்று நெவில் தம்பதியரின் வீட்டில் விருந்தினராக இருந்தார். ஏறத்தாழ ஆறு வாரங்கள் நீடித்த இக்காலமே இங்கிலாந்தில் அவர் ஒரு குடும்பத்திற்குள் வாழ்ந்த காலம். நெவில் இளைஞர். அவர் மனைவியும் புதியவரின் தேவைகளை அறிந்து நடந்தவர். காலணி இராமானுஜனின் பாதங்களை வருத்தியதையும் வீட்டிற்குள் அவர் செருப்புடனேயே உலவியதையும் நெவில் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இத்தகைய சிறு துன்பங்களைக் கண்டு சொல்ல ஒரே வீட்டில் வாழ்ந்தோர்க்கே இயலும். இராமானுஜனின் இங்கிலாந்து வாழ்வு குறித்துக் கிடைக்கும் சான்றுகளில் கால்வலியையும் குளிரையும் சமையலையும் சொல்வோர் அவர் அறைக்குள் சென்றவர்களாகவே இருப்பது தற்செயலன்று.

ஜூன் மாதத் தொடக்கத்தில் அவர் டிரினிட்டி கல்லூரியின் ஹியூவெல் முற்றத்து அறைகளுக்குக் குடிபெயர்ந்தார். ஹார்டியின் அறைக்கு அருகில் இருப்பது பணிக்கு ஏற்றது என்பதே காரணம். கணித நோக்கில் இம்முடிவு சரியானது. உறவு வாழ்வின் நோக்கில் அவர் ஒரு குடும்பத்தை இழந்தார்.

கல்லூரிப் பந்தியும் தனியடுப்பும்

கேம்பிரிட்ஜ் கல்லூரி வாழ்வின் மையம் உணவுக்கூடமே. மாணவர்கள் நீண்ட மேசைகளில் ஒன்றாக உண்பர். கல்லூரி ஆய்வுநர்கள் உயர்ந்த மேடையில் இடப்பட்ட மேசையில் உண்பர். அறிமுகங்களும் நட்புகளும் கல்லூரி அரசியலும் அம்மேசைகளில்தான் உருவாகும். துறை வேறு, வயது வேறு எனினும் ஒரே மேசையில் அமர்வோர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வர். இக்கூடத்தில் இராமானுஜன் உண்ணவில்லை. புலால் கலந்த சமையலறையில் ஆன காய்கறியையும் அவர் ஏற்க இயலவில்லை. தம் அறையிலேயே தாமே சமைத்துக்கொண்டார். புளி முதலிய பொருள்களுக்குச் சென்னையிலிருந்து நண்பர்கள் அனுப்பும் அஞ்சற்பொதிகளை எதிர்பார்த்திருந்தார்.

சமைக்கும் முன் அவர் இரவு உடைக்கு மாறிக்கொள்வார் என்பதை ஹார்டி பதிவு செய்துள்ளார். அவர் பார்வையில் இது கடுமையான நோன்பின் ஒரு கூறு. தமிழ்நாட்டு வைணவ இல்லங்களின் அடுக்களையை அறிந்தோர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும். வெளியில் உடுத்திய உடையுடன் அடுப்பை அணுகாத மடி வழக்கமே அங்கு இவ்வுருவில் தொடர்ந்தது. துவைத்து உலர்த்திய மடித்துணிக்கு மாற்றாக இரவு உடை அமைந்தது. குடுமியையும் வேட்டியையும் விட்டவர் மடியை விடவில்லை. அது பிறர் காணாத இடத்தில் நிகழும் ஒழுக்கம் என்பதே இதன் சிறப்பு. பிறர் கண்ணுக்காக அவர் இதனைக் கடைப்பிடித்தார் என்று கூற இயலாது.

கல்லூரி அறைகளின் அமைப்பும் இத்தனிமைக்குத் துணையாயிற்று. அவ்வறைகளுக்கு இரு கதவுகள் உண்டு. வெளிக்கதவு மூடியிருந்தால் உள்ளிருப்பவரைத் தொந்தரவு செய்யலாகாது என்பது அங்குள்ள எழுதாச் சட்டம். திண்ணையில் கணக்குப் போட்டவர்க்கு இவ்வழக்கம் முற்றிலும் மாறானது. கும்பகோணத்தில் ஒருவர் உண்ணாமல் கணக்கில் மூழ்கியிருந்தால் வீட்டார் சோற்றைப் பிசைந்து கையில் கொடுப்பர். இராமானுஜனுக்குத் தாயும் மனைவியும் அவ்வாறு ஊட்டியதுண்டு. இரட்டைக் கதவுக்குள் மூழ்கியிருப்பவரை அழைப்பார் இல்லை. தொடர்ந்து பல மணி நேரம் உழைத்துவிட்டு உணவு வேளை தவறுவதும், சமையலே ஒரு சுமையாவதும் இவ்வாறு நிகழ்ந்தன.

இந்திய மாணவர் வட்டம்

இரட்டைக் கதவைத் தட்டி உள்ளே சென்றவர்கள் இந்திய மாணவர்களே. பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் முன்னோடியாகப் போற்றப்பட்ட வங்காளத்து மகலனோபிஸ் அப்போது கிங்ஸ் கல்லூரி மாணவர். அதே கல்லூரியில் பயின்ற சென்னை மாகாணத்து ஆனந்தராவ், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கியவர்.

குளிர் தொடங்கிய காலத்தில் மகலனோபிஸ் ஒருநாள் இராமானுஜனின் அறைக்குச் சென்றார். குளிரால் உறக்கம் வருவதில்லை என்பதையும், மேலங்கி அணிந்து சால்வை போர்த்துப் படுப்பதையும் அறிந்தார். படுக்கையைப் பார்த்தபோது கம்பளிகள் பல அங்கு இருந்தன. அவை மெத்தையோடு சேர்த்து ஒழுங்காகச் செருகப்பட்டு, மேலே விரிப்பிடப்பட்டிருந்தன. அவற்றிற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதை இராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் விரிப்பின் மேலேயே படுத்து வந்தார். மகலனோபிஸ் கம்பளிகளை விலக்கிக் காட்டினார்.

இந்நிகழ்ச்சி நகைப்புக்குரியதாகச் சொல்லப்படுவதுண்டு. அதன் உட்பொருள் வேறு. நாள்தோறும் கணித உரையாடல் நிகழ்ந்துகொண்டிருந்த ஓர் ஊரில், ஒருவர் இரவில் எவ்வாறு உறங்குகிறார் என்பதைக் கேட்பார் இல்லாத நிலை அது. இராமானுஜனும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது என்பது பிறருக்குத் தோன்றவுமில்லை. அறைக்குள் சென்று படுக்கையைப் பார்க்கும் உரிமை எடுத்துக்கொண்ட ஒரு நண்பரால் அக்குறை ஒரு நொடியில் தீர்ந்தது.

1914 டிசம்பரில் நிகழ்ந்த மற்றொன்றும் மகலனோபிஸ் வழியாகவே தெரியவருகிறது. இராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்க, மகலனோபிஸ் ஸ்டிராண்ட் இதழில் வந்த ஒரு புதிரைப் படித்துச் சொன்னார். ஒரு தெருவின் ஒரு பக்கத்தில் ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக எண்ணிடப்பட்ட வீடுகள். ஒரு வீட்டிற்கு இப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூற்றுக்குள். மகலனோபிஸ் முயன்று விடையைக் கண்டிருந்தார்: 288 வீடுகள், அவற்றுள் 204ஆம் வீடு. இராமானுஜன் கிளறுவதை நிறுத்தாமலேயே, அந்த ஒரு விடையை மட்டுமன்றி அத்தகைய விடைகள் அனைத்தையும் வரிசையாகத் தரும் தொடர்பின்னம் ஒன்றைச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார்.

கணித வரலாற்றாசிரியர்கள் இதனை அவர் நுண்ணறிவுக்குச் சான்றாகக் காட்டுவர். அதே நிகழ்ச்சி அவர் எவ்வகைச் சூழலில் இயல்பாக இருந்தார் என்பதற்கும் சான்று. அடுப்பு எரிகிறது, காய் வேகிறது, அருகில் நண்பர் அமர்ந்து இதழ் படிக்கிறார், பேச்சிடையே கணிதம் பிறக்கிறது. திருவல்லிக்கேணி மொட்டைமாடி சில மணி நேரம் கேம்பிரிட்ஜில் மீண்டும் உருவாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நண்பர்கள் நெடுந்தொலைவு நடந்ததும், அந்நடைகளில் இராமானுஜன் சுழியம், முடிவிலி, இறைமை ஆகியன பற்றி விரிந்து பேசியதும் இவ்வட்டத்தார் நினைவுகளில் உள்ளன. இவற்றில் காணும் இராமானுஜன் ஒதுங்கியவராக இல்லை.

விருந்தும் முகவாட்டமும்

அறையில் சமைக்கத் தொடங்கியவர் பிறரை விருந்துக்கு அழைக்கவும் தொடங்கினார். அவர் செய்த ரசம் இந்திய மாணவர்களிடையே பேசப்பட்டது. கல்லூரிப் பந்தியில் இடம்பெற இயலாதவர் தம் அறையில் தாமே ஒரு பந்தியை அமைத்தார் என்று இதனைக் கொள்ளலாம். அப்பந்தியில்தான் அவர் வாழ்வின் மிகவும் புதிரான நிகழ்ச்சிகளுள் ஒன்று நடந்தது.

ஞானேஷ் சந்திர சட்டர்ஜி என்னும் இந்திய மாணவர்க்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. அதனைக் கொண்டாட இராமானுஜன் அவரையும் மணமகளையும் மற்றொரு பெண்மணியையும் விருந்துக்கு அழைத்தார். தாமே சமைத்துத் தாமே பரிமாறினார். ரசம் முதன்முறை வந்தது, மகிழ்ந்து உண்டனர். இரண்டாம் முறையும் ஏற்றனர். மூன்றாம் முறை பெண்கள் இருவரும் போதுமென மறுத்தனர். உரையாடல் தொடர்ந்தது. சற்று நேரத்தில் இராமானுஜன் அறையில் இல்லை. ஒரு மணி நேரம் காத்திருந்த பின் சட்டர்ஜி கீழே சென்று வாயிற்காவலரைக் கேட்டார். இராமானுஜன் வாடகைக் காரில் ஏறிச் சென்றுவிட்டதாகத் தெரிந்தது. சில நாள்கள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது. ஐந்து பவுன் அனுப்பக் கோரியது. திரும்பி வந்தபின், தாம் பரிமாறியதைப் பெண்கள் ஏற்காமையால் மனம் நொந்து அவ்வாறு சென்றதாக விளக்கினார்.

இதனை மேதைகளின் விந்தை என்றோ நரம்புத் தளர்ச்சி என்றோ வாழ்க்கை வரலாறுகள் கடந்து செல்கின்றன. தமிழ் மரபின் விருந்தோம்பல் கோட்பாடு இங்கு உதவுகிறது. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரம், முகர்ந்தால் வாடும் அனிச்ச மலரையும், விருந்து அளிப்போர் முகம் மாறி நோக்கிய அளவிலேயே வாடிவிடும் விருந்தினரையும் இணைத்துக் காண்கிறது. அங்கு வாடுபவர் விருந்தினர். பொறுப்பு விருந்து அளிப்பவருடையது. கேம்பிரிட்ஜ் அறையில் வாடியவர் விருந்து அளித்தவர். பரிமாறுவோர் மீண்டும் மீண்டும் வற்புறுத்துவதும், உண்போர் மறுப்பதுபோல் மறுத்து ஏற்பதும் நம் பந்தி வழக்கம். அவ்வழக்கில் ஊறியவர்க்கு மூன்றாம் முறை வந்த மறுப்பு உணவின் மறுப்பாக மட்டும் தோன்றாமல் உறவின் மறுப்பாகவே தோன்றியிருக்கக்கூடும். ஆண்டுக்கணக்கில் பிறர் பந்தியில் அமர இயலாமல் இருந்த ஒருவர், தமக்கென அமைத்த ஒரே பந்தியிலும் தோற்றதாக உணர்ந்தார் என்று கொள்வது பொருந்தும். பெண்களிடம் குற்றமில்லை. அளவறிந்து போதும் என்பது அவர்தம் பழக்கத்தில் நாகரிகமே. இரு பந்தி வழக்கங்கள் ஒன்றையொன்று அறியாமல் எதிர்ப்பட்ட இடம் அது.

ஹார்டியின் நட்பும் அதன் எல்லையும்

இங்கிலாந்தில் இராமானுஜனின் மிக நெருங்கிய தொடர்பு ஹார்டியுடன் அமைந்தது. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் இருவரும் ஏறத்தாழ நாள்தோறும் சந்தித்தனர். இணைந்து எழுதினர். 1916 மார்ச்சில் இராமானுஜன் ஆய்வின் வழி இளங்கலைப் பட்டம் பெற்றார். நோய்க்காலத்தில் மருத்துவர்க்கும் சென்னைக்கும் எழுதி, வேண்டிய ஏற்பாடுகளைச் செய்தவரும் ஹார்டியே. அவருடைய பற்று ஐயத்திற்கு இடமற்றது.

எனினும் அந்நட்பு கணிதத்தின் எல்லைக்குள் நின்றது. பிறர் அந்தரங்கத்தை வினவாமை அவர் வளர்ந்த வட்டத்தின் பண்பு. நாள்தோறும் புதிய தேற்றங்களுடன் வருபவரிடம், அவை எங்கிருந்து தோன்றின என்றோ அவருடைய நம்பிக்கைகள் யாவை என்றோ கேட்பது பொருந்தாது எனத் தாம் கருதியதைப் பின்னாளில் அவரே விளக்கியுள்ளார். சமயம் இராமானுஜனுக்கு ஆசாரமே அன்றி ஆழ்ந்த நம்பிக்கையன்று என்பதும் அவர் முடிவு. இந்திய நண்பர்கள் காட்டும் இராமானுஜனோ நாமகிரித் தாயாரையும் மறைபொருளையும் பற்றிப் பேசுபவர். இரு கூற்றுகளில் ஒன்று பொய் என்று கொள்ள வேண்டியதில்லை. கடவுள் மறுப்பாளரான ஹார்டியின் முன் இறைவனைப் பற்றிப் பேச இராமானுஜனுக்கு வாய்ப்பும் இல்லை, தேவையும் இல்லை. ஒரு வட்டத்தில் அவர் அறிவு அறியப்பட்டது. உணவும் உறக்கமும் நம்பிக்கையும் அறியப்படவில்லை. மற்றொரு வட்டத்தில் இவை அறியப்பட்டன. கணிதத்தின் ஆழம் பெரும்பாலும் எட்டவில்லை. இரு வட்டங்களும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் இடம் ஒன்று இல்லாமற்போனதே அவர் உறவு வாழ்வின் அடிப்படைப் பிளவு.

போரும் வாராத மடல்களும்

அவர் கேம்பிரிட்ஜ் சென்ற நான்காம் மாதமே, 1914 ஆகஸ்டில், உலகப்போர் தொடங்கியது. இளைஞர்கள் படைக்குச் சென்றனர். கல்லூரி முற்றங்களில் காயமுற்ற வீரர்க்கான மருத்துவமனை இயங்கியது. லிட்டில்வுட் பீரங்கிப் படைக்கு அறிவியல் பணி செய்யச் சென்றார். போரை எதிர்த்த ஹார்டியும் நெவிலும் தம் கல்லூரியிலேயே தனிமைப்பட்டனர். இராமானுஜன் காண வந்த கேம்பிரிட்ஜ் அவர் கண்முன்னேயே கலைந்தது. கப்பல் வழிகள் ஆபத்தாயின. உணவுப் பொருள்கள் அருகின. இரண்டாண்டுகளில் திரும்பும் எண்ணத்துடன் வந்தவர்க்கு இடையில் ஊர் சென்று வரும் வழி அடைபட்டது.

ஊரிலிருந்து வரும் மடல்களே எஞ்சிய துணை. தொடக்கத்தில் அவர் வீட்டிற்கு அடிக்கடி எழுதினார். பின்னர் அது குறைந்து, 1917 அளவில் ஏறக்குறைய நின்றுபோயிற்று. கும்பகோணத்தில் மாமிக்கும் மருமகளுக்கும் இடையே இணக்கம் இல்லை. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எழுதிய மடல்கள் உரியவர் கைக்குச் சேராதவாறு கோமளத்தம்மாளால் நிறுத்தப்பட்டன. ஜானகி தம் தமையன் வீட்டிற்குச் சென்றுவிட்டார். எழுதியும் மறுமொழி வாராத கணவன் இங்கும், எழுதியும் மறுமொழி வாராத மனைவி அங்கும், ஒருவரையொருவர் மறந்தார் என்று எண்ணும் நிலை ஏற்பட்டது. தாயின் செயலைக் கொடுமை என்று மட்டும் கூறி முடித்துவிடல் ஆகாது. கடல் கடந்த ஒரே துணையான மகனைத் தன்னிடமே இருத்திக்கொள்ள விழைந்த ஒரு தாயின் அச்சமும் அதில் உண்டு. விளைவு மூவருக்கும் துன்பமே.

மருத்துவ இல்லங்கள்

1917இன் வேனிற் காலத்தில் இராமானுஜன் நோயுற்றார். காசநோய் என்பது பெரும்பான்மை மருத்துவர் கருத்து. நாள்பட்ட கல்லீரல் சீதபேதி நோயாக இருந்திருக்கலாம் என்பது பின்னாளைய மருத்துவ ஆய்வு ஒன்றின் முடிவு. கேம்பிரிட்ஜிலும் மெண்டிப் மலையிலும் டெர்பிஷயரைச் சேர்ந்த மாட்லாக்கிலும் மருத்துவ இல்லங்களில் தங்கினார். மெண்டிப் மலையிலுள்ள இல்லத்தை நடத்தியவர் சௌரிமுத்து என்னும் இந்திய மருத்துவர். திறந்த சாளரங்களின் குளிர்காற்றே அக்காலக் காசநோய் மருத்துவம். கம்பளிக்குள் புகும் வழியை மகலனோபிஸிடம் கற்றவர் மீண்டும் குளிரில் கிடந்தார். சமைக்கும் அறையும் பறிபோயிற்று. அதனோடு நண்பர் வட்டமும் விலகியது.

1917இல் டிரினிட்டி கல்லூரி ஆய்வுநர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1918இன் தொடக்கத்தில் இலண்டன் சுரங்க இரயில் நிலையம் ஒன்றில் தண்டவாளத்தில் பாய்ந்தார். வண்டி நிறுத்தப்பட்டு உயிர் தப்பினார். காவல்துறையினரிடம் ஹார்டி பேசி அவரை மீட்டார். இச்செய்தி நெடுங்காலம் வெளியில் பேசப்படவில்லை. இதற்கு ஒரே காரணத்தைச் சுட்டுவது முறையன்று. எனினும் நோயும் பதவி மறுப்பும் வீட்டு மௌனமும் பந்தியற்ற வாழ்வும் ஒன்றுசேர்ந்த காலம் அது என்பதை மறத்தலாகாது.

அவ்வாண்டு ஜூனில் இராமலிங்கம் என்னும் தமிழ்ப் பொறியாளர் மாட்லாக்குக்குச் சென்று அவருடன் இருந்தார். பின்னர் ஹார்டிக்கு நீண்ட மடல் எழுதினார். இராமானுஜனின் எடை, உணவு, அங்குள்ள சமையலின் குறை, அவர் உண்பவை, உண்ண மறுப்பவை ஆகியன அம்மடலின் பொருள். ஹார்டியின் வட்டமும் இந்திய நண்பர் வட்டமும் முதன்முறையாக ஒரே பொருள்பற்றிப் பேசிய இடம் இது எனலாம். அப்பொருள் கணிதமன்று, சோறு. நான்காண்டுகளுக்கு முன் நிகழ்ந்திருக்க வேண்டிய உரையாடல் அது.

பெருமைகள் வந்தன. 1918 மே மாதம் இராயல் கழக உறுப்பினரானார். அக்டோபர் 13 அன்று டிரினிட்டி கல்லூரி ஆய்வுநரானார். கல்லூரியின் உயர்ந்த மேசையில் அமரும் உரிமை அன்று அவருக்குக் கிடைத்தது. அதனை நுகரும் உடலும் இல்லை, அங்கு உண்ணும் வழியும் இல்லை. பட்னியில் இருந்த மருத்துவ இல்லத்தில் ஹார்டி வந்த வாடகைக் காரின் 1729 என்னும் எண்ணைப் பற்றி அவர் சொன்னது உலகறிந்தது. படுக்கையருகே நண்பர் ஒருவர் வந்து அமர்ந்தால் கணிதம் பிறக்கும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

1919 பிப்ரவரி 27 அன்று இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார். பம்பாயில் இறங்கியதும் தாயிடம் அவர் முதலில் கேட்டது ஜானகி எங்கே என்பதே. எஞ்சிய ஓராண்டில் ஜானகி அருகிருந்து பணிவிடை செய்தார். அவரை உடன் அழைத்துச் சென்றிருந்தால் நோயுற்றிருக்கமாட்டேன் என்று இராமானுஜன் வருந்தியதாக ஜானகி அம்மாள் பிற்காலத்தில் கூறியுள்ளார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் இராமானுஜன் காலமானார். அகவை 32.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. இராமானுஜன் இயல்பில் தனிமை விரும்பியவர் அல்லர். கும்பகோணத்துத் திண்ணையிலும் சென்னை மொட்டைமாடியிலும் கேம்பிரிட்ஜ் அறையின் அடுப்பருகிலும் அவர் பிறர் சூழ இயங்கியவர். கல்லூரிப் பந்தியில் உண்ண இயலாமை அவரை உறவின் மையத்திலிருந்து விலக்கியது. இரட்டைக் கதவு அவ்விலக்கத்தைக் கண்ணியமாக்கி மறைத்தது. போர் நண்பர்களைக் கலைத்தது. மறிக்கப்பட்ட மடல்கள் வீட்டையும் தொலைவாக்கின.

உடன் இருந்தோர் அன்பற்றவர்கள் அல்லர். ஹார்டி அவர் அறிவைப் பேணினார். மகலனோபிஸ் அவர் படுக்கையைச் சரிசெய்தார். இராமலிங்கம் அவர் உணவைக் கவனித்தார். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாமல் இருந்தனர். 1919 ஜனவரியில், தமக்கு வழங்கப்பட்ட தொகையில் குடும்பத்திற்கும் தமக்கும் வேண்டியது போக எஞ்சியதை ஏழை மாணவர் கல்விக்குப் பயன்படுத்துமாறு இராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். தொலைவில் பயிலும் மாணவனுக்குப் பணம் தேவை என்பதை அவர் அறிந்திருந்தார். பணத்தோடு உடன் அமர்ந்து உண்ண ஒருவரும் தேவை என்பதை அவருடைய கேம்பிரிட்ஜ் ஆண்டுகள் அறிவிக்கின்றன.